தடாகம் ரோட்டில் இடித்துவிட்ட ஓட்டு வீடு: கட்டியவரையும் குடியிருந்தவர்களையும் தேடுவது எப்படி

கேட்கப்பட்டது இது: கோவை தடாகம் ரோட்டை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு. 1950-களில் பாட்டியின் குடும்பம் அதில் வாடகைக்கு இருந்தது. பிறகு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கையில் ஒரே ஒரு போட்டோ, பழைய கதவு எண், பாட்டி சொன்ன சில பெயர்கள். அந்த வீட்டை யார், எப்போது கட்டினார்கள், யார் யார் குடியிருந்தார்கள், எப்போது இடித்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பகுதி முடியும். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களின் வரலாறு ஒரு இடத்தில் இருக்கிறது, குடியிருந்தவர்களின் வரலாறு முற்றிலும் வேறு இடங்களில் இருக்கிறது. பத்திரமும் வில்லங்கச் சான்றும் சொந்தக்காரரை மட்டுமே காட்டும். மாத வாடகைக்கு இருந்த குடும்பம் அங்கே பத்து வருடம் வாழ்ந்திருந்தாலும் பத்திரப் பதிவில் ஒரு வரிகூட வராது, ஏனென்றால் ஓராண்டுக்கு உட்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் கிடையாது. பலர் வில்லங்கச் சான்றை வாங்கிப் பார்த்துவிட்டு, தாத்தா பெயர் இல்லை என்று தேடலையே கைவிடுகிறார்கள். அந்தப் பெயர் அங்கே இருக்கவே இருக்காது.

ஆனாலும் தொடங்க வேண்டியது நிலத்திலிருந்துதான். வீடு போய்விட்டாலும் நிலத்தின் எண் போகவில்லை. கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் அந்த எண்ணில்தான் மாட்டி வைக்க வேண்டும்.

எண்ணைப் பிடிக்க மிகக் குறுக்கு வழி, இப்போது அங்கே நிற்கும் அடுக்குமாடியில் யாராவது ஒரு வீட்டுக்காரரிடம் அவருடைய கிரயப் பத்திரத்தைக் காட்டச் சொல்வது. அடுக்குமாடி வீடு வாங்கும்போது நிலத்தின் பிரிபடாத பாகத்துக்குத் தனியாகப் பத்திரம் எழுதுவார்கள். அந்தப் பத்திரத்தின் முதல் இரண்டு மூன்று பக்கங்களில், நிலம் யாரிடமிருந்து யாருக்கு எந்தத் தேதியில் எந்த ஆவண எண்படி வந்தது என்ற சங்கிலி முழுக்க எழுதப்பட்டிருக்கும். வங்கிக் கடன் வாங்கியவராக இருந்தால் வக்கீல் கொடுத்த லீகல் ஒப்பீனியனும் இருக்கும். வழக்கமாக வக்கீல்கள் 30 வருடம் பின்னால் போய்ப் பார்ப்பார்கள், தாய்ப்பத்திரம் அதற்கும் முந்தியது என்றால் அதையும் குறிப்பிடுவார்கள். நீங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பல நாள் அலைந்து சேர்க்க வேண்டியது ஒரே காகிதத்தில் கிடைத்துவிடும். நிலப் பிரச்சினைக்கு வந்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுவார்கள். பழைய போட்டோவை முதலில் காட்டிவிட்டு, சொத்து விவரத்தையும் வரலாற்றுப் பத்தியையும் மட்டும் படித்துக் குறித்துக்கொள்கிறேன், நகல் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

அது கிடைக்கவில்லையென்றால் எண்ணை நீங்களே கட்ட வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: ஊர் வாயில் புழங்கும் பேட்டைப் பெயர் பத்திரத்தில் சொத்து விவரத்தின் தலையில் வராது. வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் வரும். காந்திபுரம், டாட்டாபாத், ராம்நகர் என்று நாம் சொல்லும் பகுதிகளெல்லாம் சங்கனூர், கிருஷ்ணராயபுரம், அனுப்பர்பாளையம் போன்ற கிராமப் பெயர்களின் கீழ்தான் பதிவில் கிடக்கின்றன. ஆர்.எஸ்.புரம் பக்கம் போனால் குமாரபாளையம், தெலுங்குபாளையம் வரும். உங்கள் வீடு நகர அளவைக்குள் வந்த பகுதி என்றால் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) என்று மூன்று அடையாளம் இருக்கும். அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை இந்த மூன்றையும் கொடுத்து எடுக்கலாம். அதில் பழைய புல எண்ணும் இருந்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய எண், புதிய எண் குழப்பத்தில்தான் பாதித் தேடல்கள் சாகின்றன. 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யூ.டி.ஆர். என்று எல்லாரும் சொல்வது, உட்பிரிவுகள் மாறின. கோவை, திருப்பூர், ஈரோடு பத்திரங்களில் "க.ச. 214 நெ. காலை" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். காலை என்றால் இங்கே அளவை செய்த புலம். அதே காலை 214/1, 214/1ஏ, 214/1ஏ2 என்று உடைந்துகொண்டே போகும். இன்றைய உட்பிரிவை மட்டும் போட்டுத் தேடினால் உடைவதற்கு முன் பதிவான எதுவும் வராது. ஆகவே உட்பிரிவு இல்லாமல் வெறும் 214 போட்டு ஒரு தடவை, பழைய எண் போட்டு ஒரு தடவை, டி.எஸ். எண் போட்டு ஒரு தடவை என்று மூன்று முறை தேடுங்கள். பட்டியல் நீளமாக வரும், பக்கத்து மனைகளும் சேர்ந்து வரும். அது நல்லதுக்கே, காரணம் கீழே சொல்கிறேன்.

பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-ஐ ஒட்டிய காலத்திலிருந்து வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமலே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கையால் எழுதிய அட்டவணைப் புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். மனு எழுதும்போது ஆண்டு வரம்பை 1925 முதல் 1975 வரை என்று மொத்தமாகப் போடாதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு தேடல் கட்டணம் ஏறும், தேடுகிறவரும் சலித்துப்போவார். தெரிந்த ஒரு ஆவணத்தைப் பிடித்து அதன் "முந்தைய ஆவண எண்" வழியே பின்னால் நடப்பது மலிவு, பிழையும் குறைவு. ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தைய பத்திரத்தின் எண்ணையும் வருடத்தையும் சொல்லும். அந்த நகலை வாங்கினால் அது இன்னொன்றைச் சொல்லும். இன்னொரு எச்சரிக்கை: அலுவலக எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன. இன்று வடவள்ளியிலோ காந்திபுரத்திலோ பதிவாகும் கிராமம் அன்று கோவை இணைச் சார்பதிவாளரிடம் இருந்திருக்கும். பழைய புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

சொத்துக்குச் சம்பந்தமில்லாதவருக்கு நகல் தரமாட்டோம் என்று யாராவது சொன்னால், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைப் பணிவாக நினைவூட்டுங்கள். அசையாச் சொத்து ஆவணங்கள் இருக்கும் முதல் புத்தகமும் அதன் அட்டவணையும் கட்டணம் கட்டும் எவருக்கும் திறந்தவை. உயில்கள் இருக்கும் மூன்றாம் புத்தகம் அப்படியல்ல. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ மட்டும்தான் நகல், இறந்த பிறகு யாரும் கேட்கலாம். உயில் வில்லங்கச் சான்றில் வருவதில்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வராது. உயிலைப் பதியாமலே விடலாம். சென்னை நகரத்தில் இருந்ததைப் போல இங்கே உயிலுக்கு நீதிமன்ற மெய்ப்பிதழ் (புரொபேட்) வாங்க வேண்டிய கட்டாயமும் இருந்ததில்லை. அதனால் தகப்பன் பெயரில் வாங்கிய சொத்தை 25 வருடம் கழித்து மகன்கள் விற்கும் பத்திரம் திடீரென்று முளைத்தால், நடுவில் ஒரு சாவு இருக்கிறது என்று பொருள். அந்த விற்பனைப் பத்திரத்தின் முகவுரையில் "எங்கள் தகப்பனார் இன்ன தேதியில் காலமாகி" என்று வரும். அந்தத் தேதியை வைத்து மாநகராட்சியின் இறப்புப் பதிவைத் தேடினால், இறந்தவரின் முகவரியாக அதே வீட்டைக் காணவும் வாய்ப்புண்டு.

பழைய பத்திரத்தை வாசிப்பது தனிப் பழக்கம். 1940-களுக்கு முந்தைய நகல்களில் தமிழ் எண்கள் வரலாம். ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி, ௹ ரூபாய். ஆங்கிலத் தேதியோடு தமிழ் வருடப் பெயரும் இருந்தால் நல்லது. வருடப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை, 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். கொங்கு நாட்டில் எல்லாரும் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது, அடுத்த தாது 1936-இல் வந்தது. பத்திரத்தில் தாது என்று பார்த்துவிட்டு வீடு பஞ்ச காலத்தது என்று எழுதிவிட்டால் 60 வருடம் பிசகும்.

எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களுக்கு முன்னால் தகப்பன் பெயர், தொழில், சொந்த ஊர், தாலுகா, அந்தக் காலத்துப் பத்திரம் என்றால் சாதியும் இருக்கும். "பல்லடம் தாலுகா இன்ன கிராமத்திலிருந்து தற்சமயம் கோயமுத்தூரில் குடியிருக்கும்" என்ற ஒரு வரி போதும், கட்டியவரின் வேர் எங்கே என்று தெரிந்துவிடும். தாலுகாவை அந்தக் காலத்து எல்லையில் வைத்துப் படியுங்கள். கரூர் 1910 வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கொள்ளேகால் 1956-இல் மைசூருக்குப் போனது. ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும் தனி மாவட்டங்களாயின.

பத்திரத்தின் கடைசியில் இருக்கும் சொத்து விவரம்தான் வீட்டின் உண்மையான படம். கிழமேல் ஜாதியடி 40, தென்வடல் ஜாதியடி 60 என்றால் 2,400 சதுர அடி, சுமார் ஐந்தரை சென்ட் (சென்ட்டுக்கு 435.6 சதுர அடி). அதற்குள் "மங்களூர் ஓட்டு வில்லை வீடு", "தார்சு வீடு", "கிணற்றில் பொதுப் பாத்தியம்", "மாமூல் வழித்தடப் பாத்தியம்" என்று எழுதியிருப்பது ஒவ்வொன்றும் தகவல். வில்லை வீடு என்றால் ஓட்டுக்கூரை, தார்சு என்றால் தளம் போட்டது. ஒரு பத்திரத்தில் வெறும் மனை, அடுத்ததில் வில்லை வீடு, அதற்கடுத்ததில் "வில்லை வீடும் பின்பக்கம் தார்சுக் கட்டடமும்" என்று வந்தால் வீடு வளர்ந்த கதை கையில் இருக்கிறது. இடிப்பதற்கு முன் நடந்த கடைசி விற்பனைப் பத்திரத்தோடு படிவம் 1-ஏ இணைந்திருந்தால் அதிர்ஷ்டம். கட்டடத்தின் வயது, சுவர், கூரை, தரை, பரப்பளவு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் வயது மட்டும் தோராயம்தான். முத்திரைத் தீர்வைக்கு மதிப்புப் போடுவதற்காக எழுதிய எண், அதைக் கட்டிய வருடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது பக்கத்து மனைகளுக்கு வருவோம். இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை, இதில்தான் அதிகம் கிடைக்கிறது. ஒவ்வொரு பத்திரத்திலும் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம், உண்டு: "இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் காலியிடத்துக்குத் தெற்கு, தென்வடல் ரோட்டுக்கு மேற்கு" என்று. உங்கள் வீட்டைச் சுற்றி மூன்று மனைகள் இருந்தால், அந்த மூன்றும் கைமாறிய ஒவ்வொரு முறையும் உங்கள் வீட்டின் அன்றைய சொந்தக்காரர் பெயர் எல்லையாக எழுதப்பட்டிருக்கும். உங்கள் வீடு 1938-இலிருந்து 1971 வரை கைமாறவே இல்லை என்று வையுங்கள். உங்கள் வில்லங்கம் 33 வருடம் மௌனமாக இருக்கும். பக்கத்துப் பத்திரங்கள் 1944-இலும் 1952-இலும் 1963-இலும் பேசும். 1944-இல் "காலியிடத்துக்கு" என்றும் 1952-இல் "வீட்டுக்கு" என்றும் இருந்தால் கட்டிய காலம் எட்டு வருடத்துக்குள் அடங்கிவிட்டது. சில சமயம் குடியிருந்தவர் பெயரே எல்லையில் வந்துவிடும், ஊர் அவரைத்தான் அந்த வீட்டோடு சேர்த்து அறிந்திருக்கும். ஆனால் பத்திரம் எழுதுகிறவர்கள் பழைய செக்குபந்தியை அப்படியே பார்த்து எழுதுவது வழக்கம். 1963 பத்திரத்தில் இருக்கும் எல்லைப் பெயர் 1944-இல் இருந்த அதே பெயர் என்றால், அவர் 1963-லும் இருந்தார் என்பதற்கு அது சாட்சியாகாது. பெயர் மாறும்போதுதான் அது புதுத் தகவல்.

கட்டிய வருடத்தைப் பிடிக்க இன்னொரு நல்ல கொக்கி அடமானம். நிலம் வாங்கிய ஓரிரு வருடத்தில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்துக்கோ தனியாருக்கோ அடமானம் எழுதியிருந்தால், அந்தப் பணம்தான் அநேகமாகச் சுவராக எழும்பியிருக்கும். அந்த அடமானப் பத்திரத்தின் நகலை வாங்கிப் படித்தால் "வீடு கட்டும் செலவுக்காக" என்று காரணமும் இருக்கலாம். நிலம் வாங்கிய தேதியை வீடு கட்டிய தேதி என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. இடையில் பத்து வருடம்கூடக் காலி மனையாகக் கிடந்திருக்கும்.

காலப் பின்னணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தவறான வருடம் கண்ணில் உறுத்தும். 1866-இல் நகராட்சியான கோவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் திரும்பத் திரும்ப வந்தபோதுதான் பழைய பேட்டைகளுக்கு வெளியே மேற்கிலும் வடக்கிலும் காற்றோட்டமாக விரிந்தது. இன்றும் ஊருக்குள் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதன் காரணம் அதுவே. இரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்த காலம் ஆர்.எஸ்.புரத்துக்கு அவர் பெயரைக் கொடுத்தது, சிறுவாணித் தண்ணீரும் அந்தக் காலத்தில்தான் நகருக்குள் வந்தது. 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு மில்கள் பெருகின, மில் சம்பளமும் மில் வியாபாரமும் புறநகர் வீடுகளைக் கட்டின. மதுக்கரையில் சிமெண்ட் ஆலை 1934-இல் வந்தது. அதற்கு முன் சுண்ணாம்புக் காரைதான் வழக்கம், அதற்குப் பிறகும் சில வருடம் பழக்கத்தால் காரையே ஓடியது. ஆகவே சுவரில் காரை இருந்தால் 1934-க்கு முன் என்று தீர்ப்பு எழுத முடியாது. 1920 மதராஸ் நகரமைப்புச் சட்டத்தின் கீழ் மனைப்பிரிவு போட்ட பகுதியா என்றும் பாருங்கள். அப்படியென்றால் மனை எண், சாலை அகலம் காட்டும் வரைபடம் உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்திலோ மாநகராட்சி நகரமைப்புப் பிரிவிலோ இருக்க வாய்ப்பு உண்டு.

உள்ளாட்சிப் பதிவுகளைத் தேடும்போது, அந்த வருடத்தில் அந்த இடம் எந்த உள்ளாட்சியில் இருந்தது என்று முதலில் தீர்த்துவிடுங்கள். கோவை 1981-இல் மாநகராட்சியானது. 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் துடியலூர், வடவள்ளி, வீரகேரளம், சரவணம்பட்டி, காளப்பட்டி முதலிய பேரூராட்சிகளும் சேர்ந்து 100 வார்டுகளாயின. சேர்க்கப்பட்ட ஊர்களின் பழைய வீட்டு வரிப் பதிவேடுகள் அந்தந்த மண்டல அலுவலகத்தின் பதிவறைக்குப் போயிருக்கும், போகாமல் பழைய பேரூராட்சிக் கட்டடத்திலேயே மூட்டையாகவும் கிடக்கும். வார்டு எண் மாறினால் கதவு எண்ணும் மாறும். சாதிப் பெயர் நீக்கப்பட்ட தெருக்களில் தெருப் பெயரும் மாறியிருக்கும். பாட்டி சொல்லும் கதவு எண்ணை இன்றைய எண்ணாக நினைத்துத் தேடவேண்டாம். வரி ரசீது, மின் அட்டை, பழைய கடித உறை எதிலாவது "பழைய எண் / புதிய எண்" இரண்டும் சேர்ந்து வரும் ஒரே ஒரு காகிதம் கிடைத்தால், அதுதான் உங்கள் மொழிபெயர்ப்பு அகராதி.

வரிப் பதிவேட்டில் தேட வேண்டியவை: முதன்முதலில் வரி விதித்த அரையாண்டு, பெயர் மாற்றங்கள், வீட்டு வரி காலிமனை வரியாக மாறிய அரையாண்டு. கடைசியது இடிப்புக்கான நல்ல சாட்சி. பதிவேட்டைக் கேட்க, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பதில் தர 30 நாள். "இந்த வீட்டின் வரலாற்றைத் தரவும்" என்று கேட்டால் தகவல் இல்லை என்ற பதில்தான் வரும். "வரிவிதிப்பு எண் இன்னதுக்குரிய கேட்புப் பதிவேட்டின் 1990 முதல் 2010 வரையிலான பக்கங்களின் நகல்", "இன்ன டி.எஸ். எண்ணுக்கு வழங்கிய கட்டட அனுமதியும் வரைபடமும்" என்று காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். புதிய அடுக்குமாடிக்கான அனுமதிக் கோப்பில் அன்று நின்ற பழைய கட்டடத்தை இடிக்கப்போவதாகக் கோடு போட்ட வரைபடம் சில சமயம் இருக்கும். அந்த வீட்டின் தரைப்படம் என்று நமக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் அது ஒன்றுதான்.

இடித்த காலத்தைக் கூகுள் எர்த் செயலியின் பழைய படங்களிலும் நெருக்கலாம். கோவைக்கு 2000-களின் முதல் பாதியிலிருந்து படங்கள் உண்டு. ஒரு படத்தில் செவ்வோட்டுக் கூரை, அடுத்த படத்தில் மண் தரை என்றால் இடைப்பட்ட மாதங்களில் போயிருக்கிறது. அதற்கு வெகு முந்தைய நிலைக்கு, 1960 முதல் 1972 வரை அமெரிக்கா எடுத்த கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் 1995-இல் பொதுவில் விடப்பட்டன. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தளத்தில் உங்கள் பகுதிக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு வீட்டின் வடிவம் தெரியாது, ஆனால் அந்த இடம் தோட்டமா வீட்டு வரிசையா என்று தெரியும். இந்திய நில அளவைத் துறையின் நிலப்படத் தாள்களை (டோப்போ ஷீட்) தேடுவோர் ஒன்று அறிய வேண்டும்: 77 பாகை தீர்க்கரேகையும் 11 பாகை அட்சரேகையும் வெட்டும் புள்ளி கோவை நகருக்குள்ளேயே விழுகிறது. அதனால் பழைய முறைத் தாள்களில் நகரம் 58ஏ/16, 58பி/13, 58இ/4, 58எஃப்/1 என்ற நான்கின் மூலையில் உடைந்து கிடக்கும். தடாகம் ரோட்டுக்கு 58ஏ/16 வேண்டும், சிங்காநல்லூர்க்காரர்கள் அதை வாங்கினால் வீண்.

இனி குடியிருந்தவர்கள். இதற்கு முதல் ஆதாரம் வாக்காளர் பட்டியல். 1951-52 முதல் பொதுத்தேர்தலிலிருந்து ஒவ்வொரு பட்டியலும் தெருவாரியாக, வீட்டு எண் வாரியாக இருக்கிறது. பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது, பாலினம். ஒரே வீட்டு எண்ணில் மூன்று வெவ்வேறு தகப்பன் பெயர்கள் வந்தால் மூன்று குடித்தனம் இருந்ததாக ஊகிக்கலாம். அந்தக் காலத்து ஓட்டு வீடுகளில் முன்கட்டில் சொந்தக்காரர், பின்கட்டில் இரண்டு குடித்தனம் என்பது சர்வசாதாரணம். 2002, 2005 தீவிரத் திருத்தப் பட்டியல்கள் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு மாவட்டத் தேர்தல் பிரிவில் எழுதிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு தொகுதிப் பட்டியலிலும் ஒரு பிரதியை நிரந்தரமாக வைக்க விதி இருக்கிறது. 1989-க்கு முன் வாக்களிக்கும் வயது 21. அதனால் 20 வயதுப் பெண் பட்டியலில் இல்லை என்றால் அவர் வீட்டில் இல்லை என்று ஆகாது. வயதை ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இறந்தவர் பெயரும் குடிபெயர்ந்தவர் பெயரும் பல வருடம் நீக்கப்படாமல் நீடிக்கும்.

வாடகைக் கட்டுப்பாட்டு வழக்குகள் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத புதையல். 1960-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் 2019-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஓடியது. குடியிருப்பவரை வெளியேற்றிவிட்டு இடித்துக் கட்ட வேண்டுமென்றால் சொந்தக்காரர் அதன் 14(1)(பி) பிரிவில் மனுப் போட வேண்டியிருந்தது. அந்த ஆர்.சி.ஓ.பி. (வாடகைக் கட்டுப்பாட்டு மனு) கோப்பில் குடியிருந்தவர் பெயர், எத்தனை வருடமாக இருக்கிறார், மாத வாடகை எவ்வளவு, வீட்டில் எத்தனை அறை, சுவர் எங்கே விரிசல், பொறியாளர் அறிக்கை எல்லாம் இருக்கும். உங்கள் வீடு போல வாடகைக் குடித்தனம் நிறைந்து, பிறகு அடுக்குமாடியாக மாறிய வீட்டுக்கு இப்படி ஒரு வழக்கு இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோவை மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில், மனுதாரர் பெயரை வைத்துப் பழைய வழக்குப் பதிவேட்டைப் பார்க்க ஒரு வக்கீல் மூலம் மனுப் போடலாம். முடிந்த வழக்குகளின் கட்டுகளைக் குறிப்பிட்ட காலம் கழித்து அழித்துவிடுவார்கள், தீர்ப்பும் பதிவேடும் மட்டும் மிஞ்சும். ஆகவே கட்டு இல்லை என்று சொன்னால் உடனே திரும்பிவிடாமல் பதிவேட்டைக் கேளுங்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு இருந்தால் அதில் நீதிமன்றம் நியமித்த கமிஷனரின் அறிக்கையோடு வீட்டின் கைவரைபடமும் இருக்கும்.

வெள்ளைக்காரத் துரைமார், ரயில்வே அதிகாரிகள் குடியிருந்த ரேஸ்கோர்ஸ், போத்தனூர்ப் பக்கத்துப் பங்களாக்களுக்கு வழி வேறு. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் என்/2 வரிசை மதராஸ் மாகாண ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள். போத்தனூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களை உள்ளூர்த் தேவாலயப் பதிவுகளிலேயே பிடிக்கலாம். உங்கள் வீட்டுக்கு இது வேண்டியதில்லை.

மண்ணில் மிச்சம் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். பழைய வீட்டை இடிக்கும்போது ஓடு, வாசல் நிலை, கதவு, தூண் எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போகும். சில ஓடுகள் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையிலோ கோழிக்கூண்டிலோ ஏறியிருக்கும். மங்களூர் ஓட்டின் அடிப்பக்கம் தயாரித்த கம்பெனியின் முத்திரை இருக்கும். பாசல் மிஷன் என்ற முத்திரை பொதுவாக முதல் உலகப்போர் முடிவதற்குள் செய்தது. போருக்குப் பிறகு அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின, முத்திரையும் மாறியது. ஓட்டின் வயது வீட்டின் வயதல்ல. பழைய ஓட்டை வாங்கிப் புது வீட்டில் போடுவது எப்போதும் உண்டு. "இந்த வருடத்துக்கு முன் இந்தக் கூரை இருந்திருக்க முடியாது" என்ற ஒரு பக்க எல்லையை மட்டும் அது தரும்.

சொந்தக்காரரின் வாரிசுகளைத் தேடும்போது பத்திரத்தில் கிடைத்த சொந்த ஊருக்குப் போங்கள். கொங்குப் பக்கம் குடும்பம் நகரத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆனாலும் குலதெய்வக் கோயில் வரி ஊரில்தான் போகும். கோயில் நோட்டில் தலைக்கட்டு வாரியாகப் பெயரும் இன்றைய முகவரியும் இருக்கும். பூசாரியிடமோ வரி வசூலிப்பவரிடமோ நேராகப் போய், "இன்னார் பேரனுங்க யாராச்சும் இருக்காங்களாங்க, அவங்க வீட்டுலதான் எங்க பாட்டி குடியிருந்தாங்க" என்று கேட்டால் ஒரு மணி நேரத்தில் தொலைபேசி எண் கைக்கு வரும். அவர்களைப் பார்க்கும்போது சொத்துக் காகிதம் கேட்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை, கிரகப்பிரவேசப் பத்திரிகை, கல்யாண ஆல்பம் கேளுங்கள். அந்தக் காலத்துக் கல்யாணம் வீட்டு முன்வாசலில் பந்தல் போட்டு நடந்தது, மணமக்களுக்குப் பின்னால் நிற்பது உங்கள் வீடுதான். கிரகப்பிரவேசப் பத்திரிகை ஒன்று கிடைத்துவிட்டால் கட்டிய வருடம் பற்றிய வாதம் அதோடு தீர்ந்தது. எடுத்ததை ஊரறியப் போடுவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். அண்மைப் பத்திரங்களில் ஆதார் எண்ணும் கைரேகையும் இருக்கும், அந்தப் பக்கங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விட அவசரமானது பாட்டிதான். காகிதம் அடுத்த வருடமும் பதிவறையில் இருக்கும். "வீடு எப்படி இருந்துச்சு" என்று கேட்டால் நல்லாருந்துச்சு என்பதோடு நின்றுவிடும். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து முதலில் கிணற்றைப் போடச் சொல்லுங்கள். கிணற்றிலிருந்து சமையல்கட்டுக்கு எத்தனை எட்டு, ஆட்டுக்கல் எந்தப் பக்கம், மழை பெய்தால் தண்ணீர் எங்கே சொட்டும், பின்கட்டில் யார், அவர்கள் வீட்டில் யார் எந்த மில்லுக்கு எந்த ஷிப்ட் போனார்கள், சங்கு ஊதினால் எந்தப் பக்கத்திலிருந்து கேட்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயர் மறந்தால் வற்புறுத்த வேண்டாம், வாக்காளர் பட்டியலில் அதே கதவு எண்ணின் கீழ் இருக்கும் பெயர்களை மெதுவாக வாசித்துக் காட்டுங்கள், ஏதோ ஒன்றில் அவர் நிமிர்ந்து பார்ப்பார். அவர் போட்ட கோட்டுப்படத்தைப் பத்திரத்தின் கிழமேலடி, தென்வடலடிக்கு மேல் வைத்துப் பாருங்கள். கிணறு செக்குபந்தியில் சொன்ன மூலையில் வந்து விழுந்தால், நீங்கள் எடுத்த பத்திரம் அந்த வீட்டினுடையதுதான்.